45,000-மா, 77,880-மா? எந்த கொட்டேஷன் மலிவு?

கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டுப் பக்கம் என் பெரியம்மா மகளும் மாமாவும் ஒரு நர்சிங் ஹோம் நடத்துகிறார்கள். 20 படுக்கை, கீழும் மேலுமாக 6,000 சதுர அடி. போன மாதம் நான் போயிருந்தபோது அக்கா காபியைக்கூட நீட்டாமல் மூன்று பேப்பரை நீட்டினார்.

"நீதான் பத்திரிகையில எல்லாம் எழுதுறியே, இதுல எது சீப்புனு சொல்லு பார்ப்போம்."

மூன்றும் ஹவுஸ்கீப்பிங் கொட்டேஷன்கள். முதலாவது வாட்ஸ்அப்பில் வந்தது, ஒரே வரி: 'மாதம் ரூ.45,000. எல்லாம் சேர்த்து. செப்டிக் டேங்க் உட்பட.' இரண்டாவது லெட்டர்பேடில்: 'ஒரு ஆளுக்கு ரூ.18,500 வீதம் 3 ஆட்கள். பொருட்கள் தனி. ஜி.எஸ்.டி. 18% தனி.' மூன்றாவது நான்கு பக்கம்: 'சதுர அடிக்கு மாதம் ரூ.11, பொருட்கள், மெஷின் உட்பட, ஜி.எஸ்.டி. தனி.'

ஒன்று மொத்தத் தொகையாகவும், ஒன்று ஆள் கணக்காகவும், ஒன்று சதுர அடிக் கணக்காகவும் இருக்கிறது. மாம்பழத்தை டஜனிலும் பலாவைச் சுளையிலும் விலை சொன்னால் எப்படி ஒப்பிடுவது? "45 ஆயிரம்தான் கம்மி. மாமா அதையே முடிச்சிடலாம்கிறார்" என்றார் அக்கா.

கள்ளக்குறிச்சிக்கு இது புதுத் தலைவலி. 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அலுவலகம், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, தனியார் பள்ளி என்று ஊர் பெருகப் பெருக, 'ஆயாம்மா பார்த்துக்குவாங்க' என்றிருந்த வேலை காண்ட்ராக்டாக மாறிவிட்டது. அக்காவிடமும் அதுவரை இரண்டு ஆயாக்கள் இருந்தார்கள். மாதம் 9,000 கையில். பி.எஃப். கிடையாது, வார லீவும் கிடையாது. இதைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் அடிமட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

எந்தக் கொட்டேஷனையும் பிரிப்பதற்கு முன்னால் நாமே ஒரு கணக்குப் போட வேண்டும். சட்டப்படி ஒரு ஆளை வேலைக்கு வைத்தால், லாபமே இல்லாமல், என்ன செலவாகும்? துப்புரவு வேலையில் முக்கால்வாசிப் பணம் ஆள் சம்பளம்தான். பினாயிலும் துடைப்பமும் கொசுறு. அதனால் இந்த அடிமட்டம் தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகத் தெளியும்.

குறைந்தபட்ச சம்பளம் தொழிலுக்குத் தொழில் மாறும். தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் அகவிலைப்படி மாறுவதால் தொகையும் கூடும். உங்கள் தொழிலுக்கான அந்த ஆண்டுத் தொகையைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே கணக்கு சுலபமாக இருக்க, ஒரு பேச்சுக்கு நாளுக்கு 500 ரூபாய் என்று வைப்போம்.

மாதம் 26 நாள் வேலை என்றால் சம்பளம் 13,000. முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13%, அதாவது 1,690. ஈ.எஸ்.ஐ. 3.25%, அது 423. ஆண்டு போனஸ் குறைந்தது 8.33%, மாதத்துக்குப் பிரித்தால் 1,083. கூட்டினால் 16,196.

இன்னொன்று இருக்கிறது, பெரும்பாலோர் மறப்பது. ஆஸ்பத்திரிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆளுக்கு வாரம் ஒருநாள் லீவு உண்டு. அந்த நான்கு நாளுக்கு மாற்று ஆள் வேண்டும். இந்தத் தொழிலில் அவரை 'ரிலீவர்' என்கிறார்கள். 4 நாள் × 500 = 2,000. ஆக 18,196.

இதில் யூனிஃபார்ம் இல்லை, கையுறை இல்லை, கிராஜுவிட்டி இல்லை, காண்ட்ராக்டருக்கு ஒரு டீ செலவுகூட இல்லை.

இப்போது அந்த 45,000-ஐ எடுப்போம். 20 படுக்கை ஆஸ்பத்திரிக்கு மாதம் பினாயில், ஹைப்போ, மாப், குப்பைக் கவர் எல்லாம் 6,000 என்று அக்காவே சொன்னார். அதைக் கழித்தால் 39,000. மூன்று ஆளுக்குப் பிரித்தால் தலைக்கு 13,000. வெறும் சம்பளத்துக்குச் சரி. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ், ரிலீவர், லாபம் எதற்கும் ஒரு ரூபாய் இல்லை.

காண்ட்ராக்டர் லாபமில்லாமல் தொழில் செய்ய மாட்டார். அப்படியானால் மூன்று ஆளுக்குப் பதில் இரண்டு ஆள் வருவார், அல்லது சம்பளம் 9,000 ஆகும், அல்லது ஹைப்போவில் தண்ணீர் கூடும். மூன்றும் சேர்ந்தும் நடக்கலாம். கொட்டேஷன் மலிவாக இருந்தால், மிச்சத்தை யாரோ ஒருத்தர் தன் பையிலிருந்து கட்டுகிறார் என்று அர்த்தம். இந்தத் தொழிலில் அது பெரும்பாலும் துடைப்பம் பிடிக்கிற பெண்தான்.

இரண்டாவது கொட்டேஷன் 18,500. அடிமட்டத்தைவிட 304 ரூபாய்தான் கூடுதல். ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அக்காவை போன் போடச் சொன்னேன். "சார், இதுல ரிலீவர் சேர்த்திருக்கீங்களா?" அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு, "இல்லைங்க மேடம், லீவு நாள்ல மத்த ரெண்டு பேர் பார்த்துக்குவாங்க" என்றார். ஒளிவுமறைவில்லாமல் சொன்னதற்கு அவருக்கு ஒரு மார்க் போட்டேன். ரிலீவர் சேர்த்துத் திருத்தி அனுப்புங்கள் என்றதும், மறுநாள் ஆளுக்கு 19,500 என்று வந்தது.

ஜி.எஸ்.டி. யாருக்குச் செலவு?

துப்புரவு சேவைக்கு 18% ஜி.எஸ்.டி. 'தனி' என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். இது எல்லோருக்கும் ஒரே மாதிரிச் செலவு இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஜவுளிக்கடை வைத்திருக்கிறீர்கள், கல்யாண மண்டபம் வைத்திருக்கிறீர்கள், நீங்களே வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வசூலித்துக் கட்டுகிறீர்கள் என்றால், துப்புரவுக்குக் கட்டிய 18 சதவிகிதத்தை உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். உங்களுக்கு அது செலவே இல்லை. ஜி.எஸ்.டி. இல்லாத தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரி நடத்துபவர்கள் கதை வேறு. மருத்துவ சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் அவர்களால் கழிக்க முடியாது. 18 சதவிகிதமும் கையிலிருந்து போகிறது. அதைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இதற்காக 'பில் இல்லாமல் செய்துகொடுங்கள்' என்று போகாதீர்கள். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு காண்ட்ராக்டர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் வரி கேட்காதது நியாயம். பதிவு இல்லாமலே 18% கேட்பவர்தான் வில்லங்கம். தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண் 33-ல் தொடங்கி 15 இலக்கம் இருக்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதைப் போட்டால் பெயர் வந்துவிடும். ஒரு நிமிட வேலை.

எங்கள் கணக்குக்கு வருவோம். திருத்திய இரண்டாவது கொட்டேஷன்: 19,500 × 3 = 58,500. ஜி.எஸ்.டி. 10,530. பொருட்கள் 6,000. ஆக 75,030. மூன்றாவது: 6,000 சதுர அடி × 11 = 66,000. ஜி.எஸ்.டி. 11,880. ஆக 77,880, பொருட்களும் மெஷினும் உள்ளே. முதலில் மலைக்கும் மடுவுக்கும் இருந்த வித்தியாசம் 2,850 ரூபாயில் வந்து நின்றது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

'உட்பட' என்ற வார்த்தை

அந்த ஒற்றை வரிக் கொட்டேஷனில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது 45,000 அல்ல. 'செப்டிக் டேங்க் உட்பட.'

செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்கக் கூடாது. 2013-ம் ஆண்டுச் சட்டம், நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரையும் இந்த வேலைக்கு அமர்த்தக் கூடாது என்கிறது. 'மறைமுகமாக' என்ற சொல்லுக்குள் காண்ட்ராக்டர் வழியாக அமர்த்துவதும் அடங்கும். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவுநீர்க் குழிகளில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. அதற்கு முன்பு 10 லட்சம்.

செப்டிக் டேங்கைக் காலி செய்வது லாரியும் குழாயும் செய்யும் வேலை. மாத ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தத்தில் அது வரவே கூடாது. 14420 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தால் உரிமம் பெற்ற வண்டிக்கு வழி சொல்வார்கள். அக்காவை அந்த வரிக்காகவே முதல் பேப்பரை ஓரங்கட்டச் சொன்னேன். "நாங்க எப்போ ஆளை இறக்கச் சொன்னோம்?" என்றார் மாமா. நீங்கள் சொல்ல மாட்டீர்கள் மாமா. 45,000-க்கு ஒப்புக்கொண்டவர் லாரிக்கு எங்கிருந்து காசு கொடுப்பார்?

நான்கு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்

மூன்றாவது கொட்டேஷனை உட்கார்ந்து படித்தோம். எந்த அறை, எத்தனை தடவை, எந்த நேரம் என்று எழுதியிருந்தது. இதைத்தான் வேலைப் பட்டியல் என்பது. 'தினமும் சுத்தம் செய்யப்படும்' என்ற வரிக்கு மதிப்பே இல்லை. வெளிநோயாளிகள் பக்கக் கழிவறை நாளுக்கு எத்தனை முறை? பிரசவ அறை ஒவ்வொரு கேஸுக்குப் பிறகுமா? ஃபேன், ஒட்டடை, கண்ணாடி வாரத்துக்கா, மாதத்துக்கா? மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி யார் பொறுப்பு?

அமெரிக்காவில் துப்புரவுத் தொழில் சங்கம் இதற்கென்றே ஒரு நேரக் கணக்குப் புத்தகம் போட்டிருக்கிறது. ஒரு வாஷ்பேசின் கழுவ இவ்வளவு நேரம், ஒரு படிக்கட்டு பெருக்க இவ்வளவு நேரம் என்று 612 வகை வேலைகள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு நாள் காலையில் ஆயாம்மாவோடு கூடவே நடந்து, எதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று நோட்டில் எழுதினால் போதும். அக்கா அப்படிச் செய்து பார்த்தார். இரண்டு பேரால் 6,000 சதுர அடியும் எட்டுக் கழிவறையும் தாங்காது என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

பொருட்களில் பிராண்டைவிட அடர்த்தியைப் பாருங்கள். 'ஹைப்போ 5 லிட்டர் கேன்' என்று இருவரும் எழுதியிருந்தார்கள். ஒன்று 5%, இன்னொன்று 10%. 1% கரைசல் செய்ய, 5% திரவத்தில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்க்க வேண்டும். 10% என்றால் ஒன்பது பங்கு. அதே கேன், இரட்டிப்பு வேலை. கேன் விலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

சொல்ல மறந்தேன், வீட்டுக்கும் சேர்த்துத்தான் இது. போர் தண்ணீர் உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றிவிட்டு, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரோ ஹைப்போவோ போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் மூச்சே நின்றுவிடும். கொட்டேஷனில் இரண்டும் இருந்தால், பணியாளர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கென்றே சில கேள்விகள் உண்டு. மருத்துவக் கழிவை மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரிக்க வேண்டும். 2016 விதிகள்படி அதைத் தொடும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இது ஆஸ்பத்திரியின் கடமை. காண்ட்ராக்ட் ஆட்களானாலும் அப்படித்தான். மூன்று கொட்டேஷனிலும் தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டுவதாக எழுதியிருந்தால் மட்டும் போதாது. மாதாமாதம் பில்லோடு செலான் நகல் வேண்டும், அதில் உங்கள் இடத்தில் வேலை செய்யும் மூன்று பெயரும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அக்காவிடம் நர்ஸ், லேப், பார்மசி என்று 30 பேர் இருக்கிறார்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. சட்டங்களுக்குள் வரும் இப்படிப்பட்ட இடத்தில், காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டால் பாக்கி உங்களைத் தேடி வரும். ஊர் ஈ.எஸ்.ஐ. திட்ட எல்லைக்குள் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் என்று எழுதுங்கள். 'உங்க பில் பாஸ் ஆனதும் ஆளுங்களுக்குக் கொடுப்பேன்' என்பவரிடம் முதலீடு இல்லை என்று பொருள்.

விலை உயர்வுக்கும் ஒரு வரி வேண்டும். ஏப்ரலில் அகவிலைப்படி கூடினால், கூடிய அந்தச் சம்பளப் பகுதிக்கு மட்டும் உயர்வு. மொத்தத் தொகைக்கும் 10% என்று கேட்டால் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

மலை ஏறினால் கணக்கு மாறும்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே கல்வராயன் மலை ஏறினால் இதே கணக்கு வேறு முகம் காட்டும். வெள்ளிமலைதான் மலைக்குத் தாலுகா தலைநகர். அலுவலகங்கள், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், மேகம், பெரியார் அருவிகளுக்கு வருபவர்களை நம்பியிருக்கும் சின்ன விடுதிகள் என்று அங்கும் துப்புரவுத் தேவை உண்டு.

கீழே இருக்கும் காண்ட்ராக்டரிடம் கொட்டேஷன் கேட்டால் வேன் வாடகையும் ஏறி இறங்கும் அரை நாளும் சேர்ந்துவிடும். விடுதி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மாத ஒப்பந்தம் போட்டு, கூட்டமே வராத செவ்வாய், புதன் கிழமைகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். அருவிக்கு வருகிற கூட்டம் சனி, ஞாயிறுதான். அவருக்குத் தேவை 'ஒரு தடவைக்கு இவ்வளவு' என்ற விலை. அதுவும் மலையிலேயே உள்ள பெண்களிடம், மகளிர் குழு வழியாகக் கேட்டால் வேன் வாடகை முழுதும் மிச்சம். வேலைக்காகக் கேரளாவுக்கும் கர்நாடகக் காபித் தோட்டங்களுக்கும் போகிற மலை இது. உள்ளூரில் நான்கு நாள் வேலை என்பது சின்ன விஷயம் இல்லை.

மலையில் இன்னொரு கேள்வியும் எழுத்தில் வேண்டும்: அள்ளிய குப்பை எங்கே போகிறது? கீழே கொண்டுவரும் செலவு கொட்டேஷனில் இல்லையென்றால், ஓடையில் கொட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓடைகள்தான் கோமுகிக்கு வருகின்றன.

விலையைக் குறைக்க வழியே இல்லையா?

இருக்கிறது. சம்பளத்தில் கை வைக்காமல் வேலையில் குறைக்கலாம். அக்கா மாடியில் இருந்த ஸ்டோர் ரூம், கான்ஃபரன்ஸ் அறை இரண்டையும் தினசரிப் பட்டியலிலிருந்து வாரப் பட்டியலுக்கு மாற்றினார். 800 சதுர அடி. மூன்றாவது காண்ட்ராக்டர் அந்தப் பகுதிக்குச் சதுர அடி 11-லிருந்து 5-க்கு இறங்கினார். மாதம் 4,800 குறைந்தது, ஜி.எஸ்.டி. சேர்த்தால் 5,664. ஆக 72,216. இரண்டாமவரைவிட இப்போது இவரே மலிவு!

காண்ட்ராக்டே வேண்டாம், நேரடியாக ஆள் வைக்கலாமே என்று கேட்கலாம். தாராளமாக. அப்போது 18 சதவிகிதமும் இல்லை, காண்ட்ராக்டர் லாபமும் இல்லை. ஆனால், ரிலீவர் தேடுவது, செலான் கட்டுவது, பொருள் வாங்குவது எல்லாம் உங்கள் தலையில். ஐந்து நாள் லீவு போட்டால் நீங்களே துடைப்பம் எடுக்க வேண்டியதுதான். சின்னக் கடைகளுக்கு என் ஓட்டு நேரடி ஆளுக்குத்தான்.

சிங்கப்பூரில் 2014 முதல் துப்புரவு நிறுவனங்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். அரசு வகுத்த சம்பளப் படிநிலையைக் கடைப்பிடித்தால்தான் அந்த லைசென்ஸ். அங்கே ஆள் சம்பளத்தை வெட்டிக் கொட்டேஷனைக் குறைக்க முடியாது. மெஷினிலும் திட்டமிடலிலும்தான் போட்டி. இங்கே நிலைமை வேறு. 2025 ஆகஸ்ட்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரண்டு மண்டலங்களைத் தனியாரிடம் விடுவதை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். கைக்கு வரும் சம்பளம் குறையும் என்பதுதான் அவர்களின் முதல் கவலை.

அக்கா மூன்றாமவரிடமே கையெழுத்துப் போட்டார். ஒரே நிபந்தனை, பழைய ஆயாக்கள் இரண்டு பேரையும் அவர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதில் ஒருவர் கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்துக்காரர். மகள் மலைமேல் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இதுவரை மகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ரிலீவர் என்றால் என்னவென்று அவருக்கு அக்கா விளக்கினார். "அப்போ ஞாயித்துக்கிழமை போனா காசு பிடிக்க மாட்டாங்களா டாக்டரம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பி.எஃப். எண்ணை செயல்பாட்டுக்குக் கொண்டுவந்து, அவர் போனைப் பதிவு செய்து, 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மெசேஜ் வரும் என்பதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். முதல் மாதச் செலான் வந்துவிட்டது. மூன்று பெயரும் இருந்தது. ஒரு பெயரில் எழுத்துப் பிழை. திருத்தச் சொல்லி அக்கா அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.